ரிசர்வ் சைட்டில் நாலு வேப்பமரம்

பெருந்துறைக் காற்று நல்ல காற்று என்று ஈரோட்டுப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு மருத்துவமனை இருக்கிறது. காசநோய்க்கு மாத்திரை இல்லாத காலத்தில், வறண்ட காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில் நோயாளியைப் படுக்கவைத்து, சத்தான சாப்பாடு போட்டு, ஓய்வு கொடுப்பதுதான் வைத்தியம் என்று உலகம் முழுக்க நம்பினார்கள். சானடோரியம் என்றால் அதற்கென்று ஒரு அமைப்பு உண்டு. ஊரை விட்டு ஒதுங்கிய பெரிய நிலம், தள்ளித் தள்ளிக் கட்டிய வார்டுகள், கட்டிலை இழுத்துப்போட நீளமான வராந்தா, சுற்றிலும் மரம். அந்த வரிசையில் நம் பக்கத்துக்கு வாய்த்தது பெருந்துறை ராமலிங்கம் காசநோய் சானடோரியம். அங்கேதான் இப்போது ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

அந்த நம்பிக்கையை உரசிப் பார்த்ததும் தமிழ்நாடுதான். 1956இல் சென்னையில் ஒரு ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. 193 காசநோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு சானடோரியத்தில் காற்று, ஓய்வு, நல்ல உணவு, நர்ஸ் கவனிப்பு எல்லாம் கிடைத்தது. மறுபாதிப் பேர் நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே, வழக்கமான சாப்பாட்டோடு இருந்தார்கள். மாத்திரை மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஓராண்டு கழித்துப் பார்த்தால், குணமானவர்கள் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959இல் இந்த முடிவு வெளியானது. உலகத்தில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு நம்மூர் ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. தோட்டம், பூங்கா என்று பேச ஆரம்பித்தாலே கூடவே மிகையும் வந்துவிடுகிறது. இந்த மரத்தடியில் உட்கார்ந்தால் சர்க்கரை குறையும், அந்தக் காற்று பட்டால் மூட்டுவலி போகும் என்று வாட்ஸ்அப்பில் வராத நாளில்லை. மரம் கிருமியைக் கொல்லாது, ரத்தக் குழாய் அடைப்பை எடுக்காது. சரி, அப்படியானால் உடம்புக்கு அது என்னதான் செய்கிறது?

இந்தக் கேள்விக்கு எண்களோடு வந்த முதல் பதில்களில் ஒன்று 1984இல் வெளியான ரோஜர் உல்ரிக்கின் ஆய்வு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு புறநகர் மருத்துவமனை. 1972 முதல் 1981 வரை அங்கே பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பழைய ரெக்கார்டுகளை அவர் எடுத்துப் பார்த்தார். வார்டில் சில அறைகளின் ஜன்னல் வழியே மரங்கள் தெரியும். மற்ற அறைகளில் ஜன்னலைத் திறந்தால் பழுப்பு நிறச் செங்கல் சுவர். வயது, பாலினம் முதலானவை ஒத்துப்போகிறவர்களாக 23 ஜோடிகளைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டார். மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாளில். வீரியமான வலி மருந்தும் மரத்துக்காரர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 46 பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாதுதான். ஆனாலும் மருத்துவமனை கட்டுகிறவர்களை ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று யோசிக்க வைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. சிங்கப்பூரில் 2010இல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனை பக்கத்துக் குளத்தையும் தன் தோட்டத்தையும் ஒன்றாக இணைத்து, மொட்டைமாடியில் காய்கறியும் போட்டிருக்கிறது.

உடம்புக்குள் நடப்பது என்ன என்பதற்கு ஒரே விளக்கம் கிடையாது. பல சின்னக் காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. மன இறுக்கம் குறையும்போது நாடித்துடிப்பு இறங்குகிறது, கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் இறங்குகிறது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பின் கடிகாரம் சரியாக ஓடி, ராத்திரி தூக்கம் நேரத்துக்கு வருகிறது. நடக்க இடம் இருந்தால் ஆள் நடக்கிறார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. அந்த 150 நிமிடத்தை லாரிக்கும் டூவீலருக்கும் நடுவே ரோட்டோரத்தில் நடந்து முடிப்பது நம் ஊர்களில் உயிரைப் பணயம் வைக்கிற காரியம்.

இவற்றில் கவனம் பற்றிய விளக்கம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதி சொன்னது அது. நாம் வலிந்து செலுத்தும் கவனம் ஒரு கட்டத்தில் களைத்துப்போகும். களைத்த கவனம் மீள வேண்டுமானால், வலியாமல் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் விஷயங்கள் முன்னால் இருக்க வேண்டும் என்றார்கள். அசைகிற இலை, தண்ணீரில் வெயில், கொத்திக்கொண்டு நடக்கிற மைனா. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் வேலை பார்க்கும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொரு பீஸாகப் புரட்டி, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று நாள் முழுக்கத் தேடுவதுதான் அவர்கள் வேலை. அது கண்ணைவிட மூளையைத்தான் அதிகம் களைக்க வைக்கும். இடைவேளையில் டீ டம்ளரோடு அவர்கள் கம்பெனி வாசல் மரத்தடிக்கு வருவதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிற சூப்பர்வைசர் உண்டு. கப்லான் தம்பதியைக் கேட்டால் அது மெஷினுக்கு எண்ணெய் விடுவது மாதிரியான வேலைதான் என்பார்கள்.

எவ்வளவு நேரம் வெளியே இருந்தால் போதும்? இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் எடுத்த தகவலை வைத்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருப்பவர்கள் தங்கள் ஆரோக்கியத்தைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார்கள். அந்த 120 நிமிடம் ஒரே நாளில் வந்தாலும் சரி, பிரித்துப் பிரித்து வந்தாலும் சரி. இதில் ஒரு சிக்கல் உண்டு. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தானே வெளியே அதிகம் போவார்கள்? எது காரணம், எது விளைவு என்று இந்த மாதிரிக் கணக்கெடுப்பில் பிரித்துச் சொல்ல முடியாது.

அதைப் பிரித்துச் சொன்ன ஆய்வு ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் அதை வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் குப்பை மேடாகக் கிடந்த 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் மூன்று பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கில் குப்பையை அள்ளி, நிலத்தைச் சமன் செய்து, புல்லும் சில மரங்களும் வைத்து, உள்ளே நுழைய வழிவிட்டுக் குட்டையாக ஒரு மரவேலி போட்டு, மாதாமாதம் பராமரித்தார்கள். இரண்டாவது பங்கில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மூன்றாவதை அப்படியே விட்டுவிட்டார்கள். முன்னும் பின்னும் சுற்றுவட்டார மக்களிடம் மனநிலை பற்றிக் கேட்டார்கள். 2018இல் வெளியான முடிவுப்படி, பசுமையாக்கிய மனைகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்களில் மனச்சோர்வாக உணர்கிறோம் என்று சொன்னது, அப்படியே விட்ட இடங்களோடு ஒப்பிட 41.5 சதவீதம் குறைந்தது. ஏழைகள் வாழும் பகுதிகளை மட்டும் எடுத்தால் 68.7 சதவீதம். குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை.

அங்கே நீரூற்று கிடையாது, சிலை கிடையாது, டிக்கெட் கவுண்ட்டர் கிடையாது. வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற ஒரு காலி மனை, அவ்வளவுதான்.

இதைக் கோயமுத்தூரில் வைத்துப் பார்ப்போம். 2010 செம்மொழி மாநாட்டின்போது அறிவித்த செம்மொழிப் பூங்கா, காந்திபுரத்தில் மத்திய சிறை நிலத்தில் 45 ஏக்கரில் 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. நகரத்தின் நடுவே அவ்வளவு நிலம் கட்டடமாகாமல் தப்பியதே பெரிய விஷயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கோவைப்புதூரில் முழங்கால் வலியோடு இருக்கிற அம்மாவுக்கு அது இரண்டு பஸ் தூரம். வருஷத்துக்கு ஒருமுறை பேரன் பேத்தி வரும்போது போய்ப் பார்க்கலாம். தினசரி ரத்த அழுத்தத்துக்கு அது உதவாது. நகர்ப்புற மரங்களைப் பற்றி ஆராயும் செசில் கோனைனென்டைக் 2021இல் ஒரு எளிய அளவுகோல் சொன்னார். வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரம் தெரிய வேண்டும், பேட்டையில் 30 சதவீதம் மர நிழல் இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பசுமை வெளி இருக்க வேண்டும். 300 மீட்டர் என்றால் மெதுவாக நடந்தால்கூட ஐந்து நிமிடம். இந்த அளவுகோலில் நம் பெரிய பூங்காக்களும் குளக்கரைகளும் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே கணக்கில் வரும். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளை ஸ்மார்ட் சிட்டிப் பணத்தில் நடைபாதையும் விளக்குமாக மாற்றியிருக்கிறார்கள். சாயங்காலம் அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தாலே ஊருக்கு வெளியிடம் எவ்வளவு பற்றாக்குறை என்று புரியும்.

அப்புறம் வெயில். கொங்கு நாடு மழை மறைவு நாடு. பெரும்பகுதியில் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழைதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவைக்குத் தருகிற சலுகை கிழக்கே போகப்போகக் கரைந்துவிடும். ஈரோடும் கரூர் பரமத்தியும் கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர்கள். இப்படிப்பட்ட நாட்டில் பூங்கா என்றதும் எஸ்டிமேட்டில் முதலில் வருவது கொரியன் புல், அடுத்தது பேவர் பிளாக், அதற்கடுத்தது ஸ்டீல் பெஞ்ச். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தப் பெஞ்சில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புல்லுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், அதன்மேல் உட்காரவும் கூடாது. "புல்தரையில் அமராதீர்" என்று பக்கத்திலேயே போர்டு இருக்கும். உட்காரக் கூடாத இடத்தைத் தண்ணீர் விட்டு வளர்ப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எனக்கு விளங்கியதே இல்லை.

வெயிலில் நம்மைச் சுடுவது காற்று மட்டும் இல்லை. மேலே சூரியன், கீழே சூடேறிய தரை, பக்கத்தில் சூடேறிய சுவர் என்று நாலாபக்கமும் இருந்து வரும் கதிர்வீச்சும்தான். தெர்மாமீட்டரில் ஒரே வெப்பநிலை காட்டினாலும், பேவர் பிளாக் மேல் நிற்பதும் அடர்ந்த மரத்தடியில் நிற்பதும் உடம்புக்கு ஒன்றில்லை. மரம் வெயிலைத் தடுப்பதோடு, வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை வழியே ஆவியாக்கித் தன்னையும் குளிர்வித்துக்கொள்கிறது. தகரக் கூரை நிழல் கொடுக்கும். ஆனால் அதுவே சூடேறிக் கீழே இருப்பவர்மேல் அனலைக் கக்கும். வயதானவர்கள், இதய நோயாளிகள், கட்டட வேலை செய்பவர்கள், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் கோடையில் மரநிழல் என்பது அழகு சமாச்சாரம் கிடையாது.

எந்த மரம் என்பதற்கு வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. காங்கேயம், மூலனூர், தாராபுரம் பக்கம் கொரங்காடுகள் என்கிற மேய்ச்சல் நிலங்களைப் பாருங்கள். கிளுவை முள்ளை உயிர்வேலியாக வைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை விட்டு, அங்கங்கே வெள்வேல் மரங்களை வளரவிட்டிருப்பார்கள். ஆடு மாடு புல்லை மேய்ந்துவிட்டு வெயில் உச்சிக்கு வரும்போது வெள்வேல் நிழலில் படுத்து அசைபோடும், உதிர்ந்த காயையும் பொறுக்கித் தின்னும். யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் திட்டமிட்டு உருவாக்கிய வெளி அது, மாட்டுக்கு என்றாலும். ஊருக்குள் என்றால் வேம்பும் புங்கனும் போதும். இரண்டும் மாசி, பங்குனியில் பழைய இலையைக் கொட்டி, சித்திரை வெயில் ஏறுவதற்குள் புதுத்தழை போர்த்திக்கொள்ளும். நிழல் வேண்டிய நேரத்தில் நிழல் இருக்கும். இடம் இருந்தால் இலுப்பை, குளக்கரை என்றால் மருதம். சீக்கிரம் வளர்கிறது, பச்சைப்பசேல் என்று சுவர் மாதிரி நிற்கிறது என்று சாலை நடுவிலும் காம்பவுண்ட் ஓரத்திலும் வைத்த கோனோகார்பஸ் இப்போது மகரந்த ஒவ்வாமை, ஆஸ்துமா புகார்களில் மாட்டிக்கொண்டிருக்கிறது. குஜராத் அரசு 2023இல் அதை நடவே தடை போட்டது. பசுமையாக இருப்பதெல்லாம் உடம்புக்கு ஆகும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம் என்பதற்குப் பார்த்தீனியம் நமக்கு முன்பே பாடம் நடத்திவிட்டது.

மரம் இருக்கிறது, பெஞ்ச் இருக்கிறது. கேட் திறந்திருக்கிறதா?

பல நகராட்சிப் பூங்காக்களின் நேரம் காலையில் ஐந்து முதல் ஒன்பது வரை, மாலையில் நாலு முதல் எட்டு வரை என்கிற மாதிரி இருக்கும். ரிட்டயரானவர்களுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் இது பொருந்தும். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் காலை எட்டரைக்கு உள்ளே போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வருகிறார். காலையில் சமைத்து, பிள்ளையைக் கிளப்பி, வேன் பிடிக்க ஓடுகிற பெண்ணுக்கு ஐந்து மணிப் பூங்கா எதற்கு? அவர் வெளியே வரும்போது பூங்காவில் பூட்டு தொங்கும். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து ஒரு ரூமில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு ரூமுக்கு வெளியே ஒரு இடம் எல்லோரையும்விட அதிகமாகத் தேவை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். திருப்பூருக்கு நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2015இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கம் லட்சக்கணக்கில் மரங்களை நட்டிருக்கிறது. நஞ்சராயன் குளம் 2024இல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இடம்பிடித்தது. ஆனால் குளம் பறவைக்கு, காடு பூமிக்கு. ஷிப்ட் முடிந்து நடந்துவருகிறவர் அரைமணி நேரம் உட்கார வீதிக்கு வீதி சின்ன இடங்கள் தனியாக வேண்டும், ராத்திரி பத்து வரை விளக்கோடு.

பெண்கள் விஷயத்தில் வியன்னா நகரத்தின் அனுபவம் உதவும். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஒன்பது, பத்து வயது தாண்டியதும் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைகிறது, பையன்கள் தொடர்கிறார்கள் என்று தெரியவந்தது. நடு மைதானத்தைப் பையன்கள் பிடித்துக்கொண்டால் சிறுமிகள் மல்லுக்கு நிற்பதில்லை, வராமல் போய்விடுகிறார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். பெரிய வெளியைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்தார்கள், பாதைகளுக்கு வெளிச்சம் கொடுத்தார்கள், கூட்டமாக உட்கார்ந்து பேச இடம் செய்தார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். நம் ஊரில் இதோடு கழிப்பறையையும் சேர்க்க வேண்டும். ஐம்பது வயது தாண்டிய, சர்க்கரை உள்ள பெண் எவ்வளவு தூரம் நடப்பார் என்பதைத் தீர்மானிப்பது பல நேரம் முழங்கால் இல்லை, பூட்டாத ஒரு கழிப்பறைதான். அவசரம் வந்துவிடுமோ என்று தண்ணீர் குடிக்காமலே வாக்கிங் வருகிறவர்கள் நிறைய. நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது, அவர்களில் பெரும்பாலோருக்கு டாக்டர் எழுதித்தரும் முதல் வரி நடைப்பயிற்சி. அந்த வரிக்கு மருந்துக்கடை பூங்காதான், கடைக்குக் கழிப்பறை இல்லை.

பூங்காவில் வைக்கிற உபகரணங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூழாங்கல் பாதை இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டது. அக்குபிரஷர், உள்ளங்கால் நரம்பு என்று போர்டில் பாதம் வரைந்திருப்பார்கள். இதற்கு ஆதாரமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் ஓரிகனில் 108 முதியவர்களை வைத்து, 16 வாரம் கூழாங்கல் அமைப்புள்ள பாயில் நடக்கவைத்துச் செய்த ஆய்வு 2005இல் வந்தது. அவர்களுக்கு நிலைதடுமாறாமல் நிற்கும் திறன் கூடியது, ரத்த அழுத்தமும் ஓரளவு இறங்கியது. ஆனால் அது அறைக்குள், பயிற்சியாளர் மேற்பார்வையில் நடந்தது. நம் பாதையில் சிமென்ட் பெயர்ந்து கல் கூராக நீட்டிக்கொண்டிருக்கும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்தால், குத்தியதே தெரியாது. இரண்டு நாள் கழித்து சாக்ஸில் ஈரம் பார்த்துத்தான் புண் என்று தெரியும். அந்த போர்டில் பாதப் படத்துக்குப் பக்கத்தில் "சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்" என்று ஒரு வரி எழுத எவ்வளவு செலவாகும்?

எட்டு வடிவ நடைபாதை வேறு ரகம். எட்டு நடந்தால் எந்தெந்த நோய் போகும் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதைப் பொருட்படுத்த வேண்டாம். சின்ன இடத்தில் ரொம்ப நேரம் நடக்க எட்டு வசதியானது, திரும்பித் திரும்பி நடப்பதால் கொஞ்சம் கவனமும் வேண்டியிருக்கும், கெடுதல் ஒன்றுமில்லை. உடற்பயிற்சி மெஷின்களில் பேரிங் தேய்ந்ததும் குழந்தைகள் ஊஞ்சலாடுவார்கள், அதுவும் நல்லதுதான். ஓடாத நீரூற்றுத் தொட்டியில் மட்டும் யாரும் விளையாடுவதில்லை, ஏடிஸ் கொசுவைத் தவிர.

கோவை ரேஸ்கோர்ஸ் மாதிரியான இடங்களில் காலையில் நடப்பவர்களைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். நடையைவிடப் பேச்சு அதிகம். நாலைந்து பேர் ஒரு குழுவாக வருவார்கள். சுற்று முடிந்ததும் வண்டிக்கடையில் அருகம்புல் சாறோ முடவாட்டுக்கால் சூப்போ குடித்துவிட்டு, பேச்சு நீண்டால் எதிர்க்கடையில் ஒரு போண்டாவையும் முடித்துவிட்டுத்தான் கலைவார்கள். நடந்து கரைத்ததைப் போண்டா திருப்பிக் கொடுத்துவிடும் என்று கேலி செய்யலாம். ஆனால் மகன் பெங்களூரிலும் மகள் அமெரிக்காவிலுமாக, பெரிய வீட்டில் இரண்டு பேராக இருக்கிறவருக்கு, இரண்டு நாள் வராவிட்டால் "ஏனுங்ணா, உடம்புக்கு ஏதாச்சுங்களா?" என்று போன் போட நாலு பேர் இருப்பது லேசான விஷயமில்லை. தனிமை உடம்பையும் கெடுக்கும் என்பது இன்றைக்கு மருத்துவம் ஒத்துக்கொண்ட உண்மை. எதிரெதிரே போட்ட இரண்டு பெஞ்சுகள் இதற்கு உதவும். சுவரைப் பார்த்து வரிசையாகப் போட்ட பத்துப் பெஞ்ச் உதவாது.

மருத்துவமனை வளாகங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நம் ஊரில் நோயாளி ஒருவர் என்றால் கூட இருப்பவர்கள் இரண்டு பேர். அரசு மருத்துவமனைகளில் அவர்கள் வாழ்க்கை மரத்தடியில்தான் நடக்கிறது. பாயை விரித்து, தூக்குப்போசியைத் திறந்து, ஊரிலிருந்து வந்த ஒரம்பரைக்கு (உறவுக்காரர்களுக்கு) அங்கேயே சாப்பாடு பரிமாறி, ஸ்கேன் ரிப்போர்ட் வர இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று பக்கத்துப் பாய்க்காரரிடம் விசாரிப்பார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே அழ முடியாதவர்கள் அங்கே வந்து அழுவார்கள். புது பிளாக் கட்டும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த மரம். அதற்குப் பதிலாக முகப்பில் கத்தரித்த குரோட்டன்ஸும் ஒரு புல்திட்டும் வரும், சுற்றிலும் சங்கிலி போட்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1996இல் தொடங்கிய மேகிஸ் மையங்கள் புற்றுநோயாளிகளோடு அவர்கள் குடும்பத்தாருக்கும் சேர்த்தே தோட்டத்தையும் சமையல் மேஜையையும் அமைத்தன. அந்த யோசனையைச் சொன்ன மேகி கெஸ்விக் ஜென்க்ஸ் தோட்டக்கலை எழுத்தாளர், புற்றுநோயாளியும்கூட. நம்மிடம் மேஜை தயாராகவே இருக்கிறது, மரத்தடியில் பாயாக. அதற்கு ஒரு குடிநீர்க் குழாயும் பெருக்க ஆளும் கொடுத்தால் போதும்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் முருங்கையும் கறிவேப்பிலையும், குளிக்கிற தண்ணீர் போகிற இடத்தில் வாழையுமாக இருந்த வீடுகள் போய், இரண்டரை சென்ட்டில் காம்பவுண்ட் முட்டக் கட்டிய வீடுகள் வந்துவிட்டன. மிச்சம் மொட்டைமாடிதான். நெதர்லாந்தில் 30 பேரிடம் கஷ்டமான ஒரு வேலையைக் கொடுத்து இறுக்கமாக்கிவிட்டு, பாதிப் பேரை அரைமணி நேரம் தோட்டவேலை செய்யவும் மீதிப் பேரை உள்ளே உட்கார்ந்து படிக்கவும் சொன்னார்கள். இரண்டு குழுவுக்கும் கார்ட்டிசால் இறங்கியது, மண்ணில் கைவைத்தவர்களுக்கு அதிகமாக இறங்கியது. 2011இல் வந்த அந்த ஆய்வு சின்னதுதான், ஆனால் மாடியில் தக்காளிச் செடி வைத்திருப்பவர் யாரும் அதை மறுக்க மாட்டார். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

இனி ரிசர்வ் சைட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைப்பிரிவாகப் போட்டால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது ஒதுக்கிடமாக, அதாவது ரிசர்வ் சைட்டாக, உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதற்கும் கீழே 3,000 சதுர மீட்டர் வரை, நிலமாகவோ அதற்கு ஈடான பணமாகவோ கொடுக்கலாம். அதாவது கோவை, திருப்பூர், ஈரோடு சுற்றிலும் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் முளைத்த நகர்களில் பலவற்றில், 300 மீட்டருக்குள் ஒரு வெளி காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பிலடெல்பியாக்காரர்கள் தேடிப்பிடித்த காலி மனை நமக்குச் சட்டப்படியே கிடைத்திருக்கிறது. போய்ப் பார்த்தால் கம்பிவேலிக்குள் சீமைக்கருவேலும் பார்த்தீனியமும் மண்டிக்கிடக்கும், மூலையில் யாரோ இறக்கிய ஜல்லி, இன்னொரு மூலையில் ஒரு பழைய மாருதி வேன். சில இடங்களில் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பிள்ளையார் வந்திருப்பார். சட்டப்படி அது தவறுதான், நீதிமன்றங்களும் அதை ஏற்பதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளையார் வந்த சைட்டில் அரசமரமும் வேம்பும் நிற்கிறது, மேடை இருக்கிறது, காலையும் மாலையும் பெருக்கி விளக்குப் போடுகிறார்கள், வயதானவர்கள் வந்து உட்காருகிறார்கள். மாநகராட்சி பூட்டிவைத்த சைட்டில் இதில் ஒன்றும் இல்லை.

பத்து சென்ட் ரிசர்வ் சைட்டுக்கு ஆர்க்கிடெக்ட் வேண்டியதில்லை. சீமைக்கருவேலை வேரோடு எடுத்து, நாலு வேம்பு, இரண்டு புங்கன், அவற்றைச் சுற்றி மண்பாதை, கடப்பைக்கல்லில் இரண்டு திண்ணை, ஒரு விளக்கு, பூட்டில்லாத கேட். நடுவது புரட்டாசிக் கடைசியில் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழை வேரைப் பிடிக்கவைத்துவிடும், ஆடு கடிக்காமல் முள் கட்டிவிட்டால் போதும். மாசியிலிருந்து வைகாசி வரை வாரத்துக்கு இரண்டு தடவை கன்றுக்கு ஒரு குடம் தண்ணீர், முதல் இரண்டு மூன்று கோடைக்கு மட்டும். அந்தக் குடத்துக்கு சைட்டுக்குள்ளேயே ஒரு குழாய் இணைப்பு வேண்டும். ஆர்ச், பெயர்ப்பலகை, வர்ணம் எல்லாம் போட்ட எஸ்டிமேட்டில் பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான், நகர்ச் சங்கத்துக்காரர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த ஒரு வரியைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.